தூங்கத் தெரிந்த கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'எத்தனை ஜிபி ரேம்?' என்பதுதான். 8 ஜிபி என்றால் 'பரவாயில்லை' என்பார்கள். 16 ஜிபி என்றால் புருவத்தை உயர்த்துவார்கள். இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போகும் கம்ப்யூட்டரின் ரேம் 10 கேபி. ஜிபியும் இல்லை, எம்பியும் இல்லை, வெறும் கேபி. உங்கள் 8 ஜிபி ரேமைப் பங்கு போட்டுக் கொடுத்தால் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் 8 லட்சத்துக்கு மேல் பிழைத்துக்கொள்ளும்.

இவ்வளவு சிறிய கம்ப்யூட்டருக்கும் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் உண்டு. அதன் பெயர் டைனி ஓஎஸ். விண்டோஸ் போலக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் போல ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது. அதாவது, அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் இதோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியவன் நான். கம்ப்யூட்டர் பற்றி நான்கு வருடத்தில் படிக்காத ஒரு பாடத்தை அது எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பாடம் உங்கள் லேப்டாப்புக்கும் செல்போனுக்கும் பொருந்தும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பறவைக் கூட்டில் ஒரு கம்ப்யூட்டர்

முதலில், இவ்வளவு சிறிய கம்ப்யூட்டர் எதற்கு?

அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கடலோரத்தில் கிரேட் டக் ஐலண்ட் என்று ஒரு தீவு இருக்கிறது. பரப்பளவு 237 ஏக்கர். அங்கே லீச்சஸ் ஸ்டார்ம் பெட்ரல் என்ற சிறிய கடற்பறவைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. வளைக்குள் வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, பறவை எப்போது உள்ளே இருக்கிறது, எப்போது வெளியே போகிறது என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்கள் விரும்பினார்கள்.

சிக்கல் என்னவென்றால், போய்ப் பார்ப்பதே பறவைக்கு ஆபத்து. அடைகாக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் தொந்தரவு செய்தால் இந்தப் பறவை வளையையே கைவிட்டுப் போய்விடக்கூடும். மனிதன் எட்டிப் பார்த்தால் குஞ்சுக்கு ஆபத்து. பார்க்காவிட்டால் எதுவும் தெரியாது.

எனவே 2002ஆம் ஆண்டு கோடையில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், இன்டெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம், மேய்னில் உள்ள காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் ஆகியவை சேர்ந்து அந்தத் தீவில் 32 சின்னஞ்சிறு கம்ப்யூட்டர்களை வைத்தன. சில வளைகளுக்குள், சில வெளியே. ஒவ்வொன்றும் அளவுகளை எடுத்து வயர்லெஸ் முறையில் அனுப்பியது. தீவில் இருந்த ஒரு லேப்டாப் அவற்றைச் சேர்த்து, சாட்டிலைட் இணைப்பு வழியாக இன்டர்நெட்டுக்கு அனுப்பியது. சுமார் நான்கு மாதம் இந்த ஏற்பாடு நடந்தது. ஈரம் புகுந்து சில கருவிகள் கெட்டன. ஆனாலும் அதுவரை கிடைக்காத விவரங்கள் கிடைத்தன.

இப்போது ஒரு கேள்வி. வளைக்குள் வைத்த கம்ப்யூட்டருக்கு பேட்டரி தீர்ந்துவிட்டால்? யாராவது போய்க் கையை உள்ளே விட்டு மாற்ற வேண்டும். எதைத் தவிர்க்க இந்தக் கம்ப்யூட்டரை வைத்தோமோ, அதையே செய்ய வேண்டியிருக்கும். ஆகவே இங்கே பேட்டரியின் ஆயுள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டைனி ஓஎஸ்ஸின் ஒவ்வொரு பகுதியும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்ததுதான்.

மோட் என்றால் என்ன?

இந்தச் சிறிய கம்ப்யூட்டருக்கு 'மோட்' என்று பெயர். ஆங்கிலத்தில் தூசித் துகள் என்று பொருள். 1990களின் இறுதியில் பெர்க்லிப் பேராசிரியர் கிறிஸ் பிஸ்டர், தூசி அளவுக்குக் கம்ப்யூட்டரைச் சுருக்க வேண்டும் என்ற 'ஸ்மார்ட் டஸ்ட்' திட்டத்தை நடத்தினார். தூசி அளவு வரவில்லை என்றாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் பயன்படுத்திய மோட்டின் பெயர் டெலாஸ் பி. இரண்டு ஏஏ பேட்டரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் அளவு. அந்த இரண்டு பேட்டரிகளும் அதன் அடியிலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பவை இவைதான்:

பிராசசர்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பான எம்எஸ்பி430. 16 பிட் வகை, வேகம் அதிகபட்சம் 8 மெகா ஹெர்ட்ஸ்.

ரேம்: 10 கேபி.

புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரி: 48 கேபி.

ரேடியோ: விநாடிக்கு 250 கிலோ பிட் வேகத்தில் தகவல் அனுப்பும், பெறும்.

சென்சார்கள்: வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம்.

கீபோர்டு இல்லை, மானிட்டர் இல்லை. மூன்று சிறிய எல்ஈடி விளக்குகள் மட்டும் உண்டு. கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு யுஎஸ்பி முனை இருக்கிறது. பென் டிரைவ் போலச் செருகி, நாம் எழுதிய புரோகிராமை உள்ளே ஏற்ற வேண்டியதுதான்.

178 பைட்

இதில் விண்டோஸையோ லினக்ஸையோ ஏற்ற முடியாது என்பது சொல்லாமலே புரியும். 2000ஆம் ஆண்டு ஜேசன் ஹில், டேவிட் கல்லர் முதலான பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் டைனி ஓஎஸ் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்த மோட் இதைவிடவும் ஏழை. புரோகிராமுக்கு 8 கேபி, ரேம் 512 பைட். அதில் டைனி ஓஎஸ்ஸின் மையப்பகுதி 178 பைட்டில் அடங்கியது.

178 பைட் என்றால் எவ்வளவு? யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தை உங்கள் கம்ப்யூட்டரில் டைப் செய்து சேமித்தாலே 178 பைட்டைத் தாண்டிவிடும். ஒரு வாக்கியத்துக்கும் குறைந்த இடத்தில் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி! இது எப்படி முடிந்தது? இரண்டு காரணங்கள்.

தேவையானதை மட்டும் கட்டிக்கொண்டு

உங்கள் கம்ப்யூட்டரில் முதலில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை இன்ஸ்டால் செய்கிறோம். பிறகு அதன்மேல் வேர்டு, பிரவுசர் என்று ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். உங்களிடம் பிரின்டர் இல்லாவிட்டாலும் பிரின்டருக்கான பகுதி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கத்தான் செய்யும். 'என்றாவது தேவைப்படும்' என்று பரணில் போட்டு வைப்பது போல.

டைனி ஓஎஸ்ஸில் பரணே கிடையாது. டைமர், ரேடியோ, வெப்பம் அளக்கும் சென்சார் என்று ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டாக இருக்கும். இவற்றுக்கு 'காம்பொனென்ட்' என்று பெயர். நீங்கள் எழுதும் புரோகிராமுக்கு எந்தத் துண்டுகள் வேண்டுமோ அவற்றை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கிறீர்கள். இப்படி இணைப்பதை 'வயரிங்' என்பார்கள். உங்கள் புரோகிராமும் அந்தத் துண்டுகளும் சேர்ந்து கம்பைல் ஆகி ஒரே ஃபைலாக மாறி மோட்டுக்குள் போகும். ரேடியோ தேவையில்லாத புரோகிராம் என்றால் ரேடியோ சம்பந்தப்பட்ட ஒரு வரிகூட உள்ளே போகாது.

இதற்காக 'நெஸ்சி' என்று ஒரு கம்ப்யூட்டர் மொழியையே உருவாக்கினார்கள். சி மொழி தெரிந்தவர்களுக்கு எழுத்து பழகியதாக இருக்கும். சிந்திக்கும் முறைதான் புதிது. புரோகிராம் ஓடும்போது மெமரி கேட்டு வாங்கும் வசதியை இது ஊக்குவிப்பதில்லை. எவ்வளவு மெமரி வேண்டும் என்பது பெரும்பாலும் கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிடும். ஆளில்லாத தீவில் 'மெமரி போதவில்லை' என்று மெசேஜ் வந்தால் யார் ஓகே பட்டனை அழுத்துவது?

சர்வர் எப்படி வேலை செய்கிறார்?

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. மதிய நேரத்தில் கூட்டம் நிறைந்த ஓட்டல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தோசை கேட்கிறீர்கள். சர்வர் சமையலறையில் போய்ச் சொல்கிறார். தோசை வேகும்வரை கல்லையே பார்த்துக்கொண்டு அங்கே நிற்பாரா? நிற்க மாட்டார். அடுத்த மேஜைக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவார். 'தோசை ரெடி' என்று குரல் வந்ததும் எடுத்து வந்து உங்கள் இலையில் போடுவார்.

டைனி ஓஎஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. 'வெப்பம் எவ்வளவு?' என்று சென்சாரிடம் கேட்பது ஒரு வேலை. இது 'கமாண்ட்'. கேட்டுவிட்டுப் பிராசசர் காத்திருக்காது. சென்சார் அளந்து முடித்ததும் 'இதோ விடை' என்று குரல் கொடுக்கும். இது 'ஈவென்ட்'. கேள்வி ஒரு நேரம், பதில் ஒரு நேரம் என்று வேலை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

உடனே முடிக்கத் தேவையில்லாத வேலைகளை 'டாஸ்க்' என்ற பெயரில் ஒரு வரிசையில் போட்டு வைக்கலாம். ரேஷன் கடை வரிசை போல முதலில் வந்தவருக்கு முதலில். ஒரு டாஸ்க் முடிந்த பிறகுதான் அடுத்தது. நடுவில் ஹார்ட்வேரிலிருந்து அவசரக் குரல் வந்தால் மட்டும் அதைக் கவனித்துவிட்டுத் திரும்பும்.

உங்கள் கம்ப்யூட்டரில் பல புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓடுவது போலத் தெரிகிறது அல்லவா? அதற்காக ஒவ்வொன்றுக்கும் 'ஸ்டேக்' என்ற தனி மெமரி இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. டைனி ஓஎஸ்ஸில் டாஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிவதால் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டேக் போதும். மெமரி மிச்சமாவது இப்படித்தான்.

சரி, வரிசையில் யாரும் இல்லை, எந்தக் குரலும் வரவில்லை. அப்போது என்ன ஆகும்? டைனி ஓஎஸ் உடனே பிராசசரைத் தூங்க வைத்துவிடும். தனியாக 'தூங்கு' என்று நாம் புரோகிராம் எழுத வேண்டியதில்லை. எந்தெந்தப் பகுதி பயன்பாட்டில் இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்யும். டைமர் மணி அடித்தாலோ ரேடியோவில் ஏதாவது வந்தாலோ கண்விழிக்கும். வேலையைச் செய்யும். மறுபடி தூங்கும்.

இவ்வளவும் நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனாலும் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள்

எங்கள் புராஜெக்ட்டில் நான்கு பேர். கல்லூரி வளாகத் தோட்டத்தில் ஆறு மோட்களை வைத்து, மண்ணுக்குப் பக்கத்தில் வெப்பமும் ஈரப்பதமும் அளப்பது எங்கள் வேலை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு வர வேண்டும். ஒரு மாதம் ஓட வேண்டும். மூன்று வாரத்தில் முதல் ரிவ்யூ.

வெள்ளிக்கிழமை மாலை புதிய பேட்டரி போட்டு, டிபன் டப்பாக்களில் துளை போட்டு உள்ளே வைத்து, செடிகளுக்கு இடையில் கட்டினோம். லேப் ஜன்னலோரம் இருந்த லேப்டாப்பில் எண்கள் வந்து விழுந்தன. அன்றிரவு நாங்கள் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு மோட்கள் மௌனம். புதன்கிழமை விடிந்தபோது ஆறும் மௌனம். பனி ஈரம் உள்ளே போய்விட்டது என்றான் ஒருவன். டப்பாவைத் திறந்தால் காய்ந்துதான் இருந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். பேட்டரிகள் காலி. பழைய சரக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரர் மேல் கோபம் வந்தது. வேறு கடையில் விலை கூடிய பேட்டரி வாங்கிப் போட்டோம். மறுபடியும் ஐந்தாம் நாள் எல்லாம் காலி. இரண்டு வாரம் போய்விட்டது. கையில் இருந்த காசும் போய்விட்டது.

லேபில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சீனியர் ஒருவரிடம் போய் நின்றோம். அவர் புரோகிராமைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

"ரேடியோவ எப்ப தம்பி ஆஃப் பண்றீங்க?" என்றார்.

"ஆஃப் பண்றதே இல்லண்ணா. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவதான் அனுப்புது."

"அனுப்பாத நேரத்துல அது என்ன பண்ணிட்டு இருக்கு?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

காகிதத்தில் இருந்த கணக்கு

ஏஏ பேட்டரி ஒன்றின் கொள்ளளவைச் சுமார் 2,500 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். அதாவது தொடர்ந்து 1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 2,500 மணி நேரம் வரும். (இரண்டு பேட்டரிகளும் தொடராக இணைந்திருப்பதால் வோல்டேஜ்தான் கூடும், இந்த எண் கூடாது.)

டெலாஸ் பி மோட்டில் ரேடியோ விழித்திருந்தால் சுமார் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. அனுப்பினால்தான் மின்சாரம் செலவாகும் என்று நினைக்கிறோம். உண்மையில் யாராவது ஏதாவது அனுப்புவார்களா என்று காது கொடுத்துச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்கும் ஏறக்குறைய அதே செலவுதான்.

2,500 வகுத்தல் 20 = 125 மணி நேரம். ஐந்து நாள் சொச்சம். எங்கள் மோட்கள் சொல்லி வைத்தாற்போல் ஐந்தாம் நாள் இறந்ததன் காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை.

அதே மோட் முழுத் தூக்கத்தில் இருந்தால் எடுப்பது சுமார் 5 மைக்ரோ ஆம்பியர். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் 4,000 மடங்கு வித்தியாசம். தூங்கிக்கொண்டே இருந்தால் கணக்குப்படி 50 ஆண்டுக்கு மேல் வரும். அதற்கு முன்பே பேட்டரி தானாகக் கெட்டுவிடும் என்பது வேறு விஷயம்.

கிரேட் டக் ஐலண்ட் குழுவினர் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டார்கள். அவர்களுடைய இலக்கு ஒன்பது மாதம். பேட்டரியிலிருந்து 2,200 மில்லி ஆம்பியர் மணி கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு நாள்களால் வகுத்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 8 மில்லி ஆம்பியர் மணிதான் செலவு செய்யலாம் என்று வந்தது. மாதச் சம்பளத்தை முதல் தேதியே முப்பதால் வகுத்து வைத்துக்கொள்ளும் குடும்பம் போல, அந்த வரம்புக்குள் என்னென்ன செய்யலாம் என்று பிறகுதான் திட்டமிட்டார்கள். நாங்களோ முதல் தேதியே பரோட்டா சாப்பிட்டுவிட்டோம்.

காதை மூடினால் கூப்பிடுவது எப்படிக் கேட்கும்?

ரேடியோவை ஆஃப் செய்துவிடலாம். ஆனால் அடுத்த மோட் ஏதாவது அனுப்பினால் எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தானே பேச முடியும்?

இதற்கு டைனி ஓஎஸ்ஸில் உள்ள வழியின் பெயர் 'லோ பவர் லிசனிங்'. 2004ஆம் ஆண்டு வெளியான பி-மேக் என்ற முறை இதைப் பிரபலமாக்கியது. ஒவ்வொரு மோட்டும், உதாரணமாக, விநாடிக்கு ஒருமுறை விழிக்கும். 10 மில்லி விநாடி நேரம் காற்றில் ஏதாவது சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மறுபடி தூங்கப் போய்விடும். அனுப்ப விரும்பும் மோட், தூங்குபவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல, எதிராளி விழிக்கும்வரை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். அதிகபட்சம் ஒரு விநாடி தட்டினால் கதவு திறந்துவிடும்.

அனுப்புகிறவருக்குச் செலவு கூடுகிறது. கேட்கிறவருக்குச் செலவு வெகுவாகக் குறைகிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்புகிறோம்; கேட்பதோ நாள் முழுக்க. ஆகவே இது பெரிய லாபம். விநாடியில் 10 மில்லி விநாடி என்றால் நூற்றில் ஒரு பங்கு நேரம். சராசரிச் செலவு 20 மில்லி ஆம்பியரிலிருந்து 0.2 ஆகிவிடும். 2,500 வகுத்தல் 0.2 = 12,500 மணி நேரம், அதாவது 520 நாள். அனுப்பும் செலவு, பேட்டரி தானாக இழப்பது எல்லாவற்றையும் கழித்தாலும் எங்களுக்குத் தேவையான ஒரு மாதம் ஒரு பொருட்டே அல்ல.

மேக்ஃபைலில் ஒரு வரி, புரோகிராமில் ஒரு வரி சேர்த்தோம். அவ்வளவுதான். ரிவ்யூவுக்கு ஒரு வாரமே இருந்தது. ஐந்தாம் நாள் காலை நாலு பேரும் பல் துலக்காமல் லேபுக்கு ஓடினோம். ஆறு மோட்களும் உயிரோடு இருந்தன. கோர்ஸ் முடிந்து அவற்றைக் கழற்றிய நாள் வரை அதே பேட்டரிதான்.

கை மாற்றிக் கை மாற்றி

ஒரு மோட்டின் ரேடியோ அதிக தூரம் எட்டாது. கட்டடம் கட்டும் இடத்தில் செங்கல்லை வரிசையாக நின்று கை மாற்றுவார்களே, அதே முறையில் ஒரு மோட் அடுத்த மோட்டுக்கும், அது அடுத்ததற்கும் தகவலைக் கடத்திக் கடைசியில் லேப்டாப்பில் சேர்க்கும். நடுவில் ஒரு மோட் இறந்துவிட்டால் வேறு வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

2006இல் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் அதிர்வை அளக்க 64 மோட்கள் வைக்கப்பட்டன. பாலம் நீளமானது அல்லவா? தகவல் 46 கை மாறி வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஈக்வடார் நாட்டின் ரெவென்டடார் எரிமலையில் 16 மோட்களை 19 நாள் வைத்து, நிலநடுக்கம், வெடிப்பு போன்ற சுமார் 230 நிகழ்வுகளைப் பதிவு செய்தார்கள். அங்கே அதிகம் தொல்லை கொடுத்தது மோட்கள் அல்ல. அவற்றிடமிருந்து தகவல் வாங்கிய லேப்டாப்புக்கு அடிக்கடி மின்சாரம் நின்றுபோனதுதான்!

டைனி ஓஎஸ் இன்று

டைனி ஓஎஸ் 2.0 வெளிவந்தது 2006இல். 2012 ஆகஸ்டில் வந்த 2.1.2தான் கடைசிப் பெரிய வெளியீடு. மூல நிரல் இன்றும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்போது அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஏன்? அதை வளர்த்தவர்களில் ஒருவரான ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பிலிப் லெவிஸ் 2012இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை ஒளிக்காமல் சொன்னார். திறமையானவர்களுக்கு வசதி செய்யப் போய், புதியவர்களுக்குக் கற்பது கடினமாகிவிட்டது. சி மொழியைவிட்டு விலகிப் போனதும் ஒரு காரணம்.

அந்த இடத்தை மற்றவை பிடித்தன. சுவீடனின் ஆடம் டங்கல்ஸ் 2003இல் வெளியிட்ட கான்டிக்கி வழக்கமான சி மொழியிலேயே எழுதக்கூடியது. அதன் வழிவந்த கான்டிக்கி-என்ஜி 2017 முதல் வளர்ந்துவருகிறது. 2013இல் வந்த ரையட், 2016இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய செஃபிர் ஆகியவையும் இந்த வகைதான். எல்லாமே ஓப்பன் சோர்ஸ். பெயர்கள் மாறினாலும், வேலை இல்லாத நேரத்தில் தூங்கு என்ற விதி மாறவில்லை.

வீட்டில் முயன்று பார்க்க

மோட் வாங்காமலே இதைப் பழகலாம். கான்டிக்கி-என்ஜியுடன் 'கூஜா' என்ற சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் திரையிலேயே பத்து மோட்களை உருவாக்கி, இடம் மாற்றி, அவை பேசிக்கொள்வதைப் பார்க்கலாம். உபுண்டு லினக்ஸ் இருந்தால் எளிது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டாக்கர் என்ற சாப்ட்வேர் வழியாக, எல்லாம் தயாராக உள்ள தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம். கமாண்ட் டைப் செய்து பழக்கமில்லாதவர்கள், பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள்.

உள்ளே போனதும், ஒவ்வொரு மோட்டின் ரேடியோவும் நூற்றுக்கு எத்தனை பங்கு நேரம் விழித்திருந்தது என்று காட்டும் வசதியைத் திறந்து பாருங்கள். சாதாரண அமைப்பில் 100 என்றே காட்டும். எங்கள் ஐந்து நாள் மோட் அதுதான். பிறகு 'டிஎஸ்சிஎச்' என்ற முறைக்கு மாற்றுங்கள். இதில் மோட்கள் நேரம் குறித்து வைத்துக்கொண்டு அந்தந்த நேரத்தில் மட்டும் விழிக்கும். எண் சட்டென்று கீழே இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

இதெல்லாம் எனக்கெதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. காலையில் முழுதாகச் சார்ஜ் செய்த செல்போன், நீங்கள் தொடாமலே மாலையில் பாதியாகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய், நீங்கள் பயன்படுத்தாத நேரத்தில் விழித்திருக்கும் ஆப் எது என்று பாருங்கள். எங்கள் சீனியர் கேட்ட கேள்விதான் அங்கேயும்: வேலை இல்லாத நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது?

ஒரு கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்டே பழகியவன் நான். எவ்வளவு நன்றாகத் தூங்கும் என்று கேட்க வேண்டிய இடமும் உண்டு என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்துநான்கு பேட்டரிகள் செலவாயின. உங்களுக்கு இந்தக் கட்டுரையோடு போகட்டும்.